தீபாவளி கழியட்டும்

அச்சங்குளம்
8.6.2025

அன்புள்ள தங்கத்துக்கு,

தனுஷ்கோடி எழுதுவது. உன் புருஷன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ கோபப்படுவாய் என்று பெயரையே போட்டுவிட்டேன். கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது, எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ என் ஃபோனை எடுப்பதில்லை. இங்கேயும் பட்டாசுக் கம்பெனி, வெடிமருந்து இருக்கிற இடம் என்று ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். வேன் டிரைவர் பலவேசம், வேலையாட்களை எல்லாம் இறக்கிவிட்டு உன் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறான். இதை அவனிடம் கொடுத்திருக்கிறேன். பதில் எழுதினால் அவனிடமே கொடு. எழுதாவிட்டாலும் சரிதான்.

நீ போன பிறகு சாத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டேன். பூட்டைத் திறந்து உள்ளே போகவே பிடிக்கவில்லை. லோடு வேலையை விட்டுவிட்டு, இதே கம்பெனியில் காவல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டை ஒட்டி ஒரு ரூம் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் வேன் எல்லாம் கிளம்பிப் போய்விட்டால், கருவேலங்காடும் நானும்தான். ரேடியோ வாங்கினேன், அதுவும் இரைகிறது.

விஷயம் என்னவென்றால், ஒரு நாய்க்குட்டி. போன மாதம் நாலுவழிச்சாலையில் எவனோ காரை நிறுத்தி இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். நேராக நம் கேட்டுக்கு வந்து என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. மூக்கு ரோஸ் நிறம், கால் நெட்டைக் கால். ராஜபாளையம் கலப்பு என்கிறார்கள். மூன்று மாதம் இருக்கும். வாலைப் பிடிக்கிறேன் என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால் சக்கரம் என்று பெயர் வைத்தேன். இந்த ஊரில் வேறு என்ன பெயர் வாயில் வரும்?

ரொம்ப தைரியசாலி. பக்கத்துக் கம்பெனியில் வெடி டெஸ்ட் பண்ணும்போது காக்கா எல்லாம் அலறிப் பறக்கும், ஊர் நாய்கள் பாலத்துக்கு அடியில் போய்ப் பதுங்கும். இவள் கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள்.

பெண் குட்டி, அதுதான் சிக்கல். ஃபோர்மேன் மணிகண்டராஜ் வந்து நின்று பார்த்துவிட்டு, "பொட்டையவா வச்சிருக்க? நாளைக்கு இது பருவத்துக்கு வந்தா சுத்துப்பட்டுக் கடுவன் பூரா இங்கன வந்து நிக்கும்யா. சண்டை போட்டுக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள பாஞ்சா என்ன ஆகும்? ஒண்ணு ஆப்பரேசன் பண்ணு, இல்ல கொண்டு போய் விட்டுரு" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

எந்த வயதில் பண்ண வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரிய கால்நடை ஆஸ்பத்திரி உன் ஊரில்தான் இருக்கிறது. போய்க் கேட்டு எழுதுவாயா? நீ கேட்டால் விவரமாகக் கேட்பாய். நான் பாதியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன், உனக்குத் தெரியாததா?

வேறொன்றுமில்லை. சாப்பிட்டாயா?

தனுஷ்கோடி


விருதுநகர்
17.6.2025

பலவேசம் கடிதத்தை நீட்டியபோது உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். அவசர அவசரமாகப் பிரித்தால், நாய்க்குட்டி.

முழுக்க முழுக்க நாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. கடைசியில் சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி. எந்த வேளையைச் சொல்லட்டும்?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். இன்னமும் கைருன்னிசா அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். அக்காவை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களுக்காக இல்லை, அந்தக் குட்டி என்ன பாவம் பண்ணியது? டாக்டர் சின்னப் பெண், பிரீத்திகா என்று பெயர். நாயே இல்லாமல் நாய்க்கு வைத்தியம் கேட்க வந்தது நான் ஒருத்திதான் என்று சிரித்தது. ஆனால் பொறுமையாகச் சொன்னது.

நாட்டு நாய் என்றால் ஆறு மாத வாக்கில், முதல் தடவை பருவத்துக்கு வருவதற்கு முன்னாலேயே பண்ணிவிடலாம். பின்னாடி மார்க்கட்டி வருவது குறையும். ராஜபாளையம் மாதிரி பெரிய ஜாதியாக வளர்கிற குட்டி என்றால், எலும்பு முற்ற வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்வார்களாம். ஆனால் அதற்குள் எப்படியும் ஒரு தடவை பருவம் வந்துவிடும். அந்த மூன்று வாரமும் கண் கொத்திப் பாம்பாகக் காவல் காக்க வேண்டும். பருவத்தில் இருக்கும்போது கத்தியே வைக்க மாட்டார்களாம், முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால் குட்டி எவ்வளவு எடை, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறது.

இன்னொன்று. வெடிச் சத்தத்துக்குக் கண் திறக்காது என்று சொன்னேன். டாக்டர் முகம் மாறிவிட்டது. குட்டி தூங்கும்போது பின்னால் நின்று, நிழல் படாமல், தரை அதிராமல், பலமாகச் சத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. பார்த்து எழுதுங்கள்.

ஒன்று கேட்கிறேன். வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுக்கிற காரியம். அதை என்னிடம் வந்து கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பொன்னுத்தங்கம்


அச்சங்குளம்
29.6.2025

அன்புள்ள தங்கத்துக்கு,

நீ எழுதியதை எல்லாம் படித்தேன். கடைசிக் கேள்வியையும் படித்தேன்.

டாக்டர் சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். வாசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று சோற்றுத் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தேன். கேட்டுக்கு வெளியே ஆடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்த்தார். இவள் அசையவில்லை. பேர் சொல்லிக் கத்தினேன், விசிலடித்தேன், ஒன்றும் இல்லை. பிறகு காலால் தரையைத் தட்டியதும் துள்ளி எழுந்து வாலை ஆட்டினாள்.

காதே கேட்காது, தங்கம். பிறவியிலேயே இருக்கும். நான் என்னடாவென்றால் தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேனுக்கு ஏற்ற நாய் என்று பெருமை வேறு.

இதில் ஒரு வேடிக்கை. வேன் போன பிறகு சாயங்காலம் முழுக்க நான் அவளிடம்தான் பேசிக்கொண்டிருப்பேன். உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். தலையைச் சாய்த்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று நினைப்பேன்.

எடை பார்த்தேன். பெட்டி நிறுக்கிற தராசில் ஏற்றி உட்கார வைத்தேன். பன்னிரண்டு கிலோ. ஆர்டர் வந்தால் பார்சல் பண்ணிவிடலாம் என்று ஆட்கள் கேலி பண்ணினார்கள். கால் இன்னும் வளர்கிறது.

பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிற பொம்பளைகள், "ஒரு ஈத்து ஈனட்டும் அண்ணாச்சி, அப்புறம் பண்ணுங்க, அப்பத்தான் உடம்பு தேறும்" என்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. நாலு குட்டி ஓடி விளையாடினால் இந்த இடமும் கலகலப்பாக இருக்கும்.

எதற்கும் தீபாவளி கழியட்டும். கம்பெனிக்கு லீவு விட்டதும் நானே விருதுநகருக்குக் கூட்டி வருகிறேன். காதுகுத்து, கல்யாணம், ஆப்பரேசன் எல்லாமே நம் பக்கம் அப்போதுதானே.

தனுஷ்கோடி


விருதுநகர்
9.7.2025

தீபாவளி கழியட்டும். இந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! நீங்கள் மாறவே இல்லை.

கல்யாணமான புதிதில் பிள்ளை வேண்டும் என்றேன். இந்த சீசன் போகட்டும் என்றீர்கள். பிறகு பிள்ளை தங்கவில்லை. மதுரையில் ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். தீபாவளி கழியட்டும் என்றீர்கள். தீபாவளி கழிந்தால் பூஜை போட்டுக் கம்பெனியைத் திறந்துவிடுவார்கள், அடுத்த வருடத்து ஆர்டர் வந்துவிடும். அப்புறம் எனக்கு உதிரப்போக்கு வந்தது. அதற்கும் தீபாவளிதான். சிவகாசியில் காலண்டர் தலையில் தகர ரிம் அடிக்கிற மிஷின் முன்னால் மயங்கி விழுந்தேன், விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், இனி ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்போதும் நீங்கள் என் காதோரம், "தீபாவளி கழிச்சுப் பாக்கலாமான்னு கேட்டுப் பாரேன்" என்றீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

தியேட்டருக்குள் கொண்டுபோகிற நேரம் நர்ஸ் வந்து, "கூட யாரும்மா இருக்கா?" என்று கேட்டது. வந்துக்கிட்டிருக்காக என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. வந்துருவாக என்றேன். நீங்கள் வடநாட்டு லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்துக் கட்டிலில் மருமகளோடு வந்திருந்த ஒருவர் எழுந்து வந்து, "எழுதிக்கங்கம்மா, நான் இருக்கேன்" என்றார். அதுதான் கைருன்னிசா அக்கா. அப்போது எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

லோடு எல்லாம் போன பிறகு நீங்கள் ஒரு பை ஆப்பிளோடு வந்தீர்கள். அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்குள் எல்லாம் விட்டுப்போய்விட்டது. டிஸ்சார்ஜ் ஆன அன்று சாத்தூர் பஸ்ஸில் ஏறாமல் அக்கா பின்னாலேயே நடந்து வந்துவிட்டேன். ஏன் போனாள், ஏன் போனாள் என்று ஊரில் எல்லோரிடமும் கேட்டீர்களாமே.

இப்போது நாய்க்கு வருகிறேன். ஒரு ஈத்து ஈன்றால் உடம்பு தேறும் என்பதெல்லாம் கட்டுக்கதை என்று டாக்டர் சொல்கிறது. அந்த இடம் கலகலப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு உயிர் குட்டி போட வேண்டுமா? அந்தக் குட்டிகளை யார் வளர்ப்பது, மணிகண்டராஜா? ஆறு மாதம் ஆனதும் எந்நேரமும் பருவம் வரலாம். அதற்குத் தீபாவளி தெரியாது.

முடிவை என் தலையில் கட்டாதீர்கள். நீங்களே எடுங்கள். இனிமேல் எழுத வேண்டாம்.

பொன்னுத்தங்கம்


அச்சங்குளம்
3.8.2025

தங்கத்துக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். நடுவில் இரண்டு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். படித்துப் பார்த்தால் எல்லாம் சாக்குச் சொல்கிற மாதிரியே இருந்தது.

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போடுகிற நாள். ஒவ்வொரு வருடமும் நீ பைண்டிங்கில் இருந்து ஒரு சாம்பிள் கொண்டுவருவாய். நான் வாங்கியதும் முதல் வேலையாக அடுத்த தீபாவளி எந்தக் கிழமை என்று பார்ப்பேன், நீ முறைப்பாய். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் பிடித்து உன் பழைய பிரஸ்ஸுக்குப் போனேன். உன்னோடு வேலை பார்த்தவர்கள் விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி, ஒரு காலண்டர் வாங்கி வந்தேன். இதோடு கொடுத்துவிட்டிருக்கிறேன். நான் எந்தக் கிழமையும் பார்க்கவில்லை.

சக்கரத்தைப் பற்றி முடிவெடுத்துவிட்டேன். எலும்பு முற்றட்டும் என்று ஒரு வருடம் காத்திருக்கப் போகிறேன். நாளுக்கு நாள் கால் நீண்டுகொண்டே போகிறது, இவள் நாட்டு நாய் இல்லை. பருவம் வந்தால் நான் காவல் காப்பேன். ரூமைச் சுற்றிக் கம்பி வலை கட்டியிருக்கிறேன். கிடங்கையே காக்கிறவனுக்கு ஒரு நாயைக் காக்க முடியாதா?

கூப்பிடவும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். டார்ச். பொழுது சாய்ந்ததும் எங்கே இருந்தாலும் அவள் பக்கமாக மூன்று தடவை அடித்தால் ஓடி வந்துவிடுகிறாள். வந்ததும் ஒரு பிஸ்கட். இப்போதெல்லாம் அவளிடம் நான் பேசுவதில்லை. கையை மட்டும் அவள் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தனுஷ்கோடி


விருதுநகர்
24.8.2025

காலண்டர் வந்தது. ரிம்மை யார் அடித்தார்களோ, ஒரு பக்கம் கோணல். மாட்டியிருக்கிறேன்.

நேற்று விடுதியில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாற்பது பேருக்குப் பொங்கிப் பழகிய கைக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை. நிறையப் போட்டுவிட்டேன். மொட்டை மாடியில் வைத்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்குப் பதில்.

முடிவை நீங்களே எடுங்கள் என்று சொன்னது நான்தான். ஆனாலும் மனது கேட்கவில்லை. மறுபடியும் டாக்டரிடம் போனேன். காத்திருப்பதும் தப்பில்லை, ஆறு மாதத்தில் பண்ணுவதும் தப்பில்லை என்று அது சொல்கிறது. காத்திருந்தால் எலும்புக்கும் மூட்டுக்கும் நல்லது. முன்னாலேயே பண்ணினால் கட்டி வருகிற பயம் குறையும், குட்டி போடுகிற பேச்சே இல்லை. "வயசு எவ்வளவுங்கறத விட, அந்த நாளுல கூட யாரு இருப்பாங்கங்கறதுதான் முக்கியம்மா. கட்டுக் காவலா வீட்டுக்குள்ள வச்சுப் பாக்க ஆள் இருந்தா காத்திருங்க. இல்லன்னா இப்பவே பண்ணிருங்க" என்று சொன்னது.

செப்டம்பர் வந்தால் லாரி வரிசை கட்டி நிற்கும். கேட் திறந்தே கிடக்கும். பகல் வெயிலில் உங்கள் டார்ச் அவள் கண்ணுக்குத் தெரியுமா? காது கேட்காத பெண் பிள்ளை அது. வலைக்கு வெளியே ஒரு எட்டு வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

என்னைக் கேட்டால் செப்டம்பரிலேயே பண்ணிவிட வேண்டும். ஆனால் நீங்கள் வரப்போவதில்லை. சீசன்.

பொன்னுத்தங்கம்


அச்சங்குளம்
14.9.2025

தங்கத்துக்கு,

நீ சொன்னதுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று லாரி ஒரே நேரத்தில் வந்து நின்றது. சீட்டைப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். வலைக் கதவை யார் திறந்தார்களோ தெரியவில்லை, நானாகவும் இருக்கலாம். திரும்பிப் பார்த்தால் சக்கரத்தைக் காணோம். கேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நாலுவழிச்சாலை ஓரத்தில் நாலைந்து கடுவன்கள் மோப்பம் பிடித்துச் சுற்றி நிற்கின்றன, இவள் நடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பருவம் வரவில்லை, ஆனால் அதுகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் போல. அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. நான் தொண்டை கிழியக் கத்தினேன், சக்கரம் சக்கரம் என்று. யாரிடம் கத்துகிறேன் என்று எனக்கே நினைவில்லை. பஸ்காரர் புண்ணியவான், ஒதுக்கி நிறுத்திவிட்டார்.

தூக்கிக்கொண்டு வந்து ரூமில் உட்கார்ந்தேன். எவ்வளவு கத்தினாலும் கேட்காத ஒருத்திக்கு, பக்கத்தில் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அது மட்டும் புரிந்தது.

வருகிற 19ஆம் தேதி கூட்டி வருகிறேன். பலவேசம் மூலமாக ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்தாகிவிட்டது. முந்தின நாள் இரவோடு சோறு நிறுத்தச் சொன்னார்களாம். மணிகண்டராஜிடம் லீவு கேட்டேன். "நாயிக்கு ஆப்பரேசன்னு சீசன்ல லீவு கேக்குற ஆளை இப்பத்தான்யா பாக்கேன். போ. தீபாவளியோட உன் கணக்க முடிச்சுக்கிடுவோம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ வர வேண்டும் என்று எழுதவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தனுஷ்கோடி


விருதுநகர்
20.9.2025

நேற்று வந்திருந்தேன். உள்ளே வரவில்லை. எதிரில் ஜூஸ் கடை நிழலில் நின்றேன்.

வருவீர்கள் என்று நான் நம்பவே இல்லை. சீசன் நேரத்து வெள்ளிக்கிழமை. நீங்கள் வராததைப் பார்த்துவிட்டுப் போவதற்காகத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

நீங்கள் வராந்தாவில் சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். தலை நரைத்துவிட்டது. அவள் தலையை மடியில் வைத்திருந்தீர்கள். மயக்கம் தெளிகிற நேரம் போல, காலை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டாள். அப்போது உங்கள் துண்டை எடுத்து உங்கள் தலை மேலும் அவள் தலை மேலும் போர்த்தினீர்கள். என்ன பண்ணுகிறார் இந்த மனிதர் என்று பார்த்தேன். துண்டுக்குள் வெளிச்சம். மூன்று தடவை அடித்தீர்கள். நிறுத்தி, மறுபடியும் மூன்று தடவை. கண் விழிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று, பட்டப்பகலில் துண்டுக்குள் இருட்டு உண்டாக்கி வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம்! ஜூஸ் கடைக்காரர், "யாருங்க அந்தப் பெரியவரு, அம்புட்டு ஆசையா நாய் மேல?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அழுகை. இரக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதேன்.

என் புருஷனுக்கு இதெல்லாம் தெரியாது, பக்கத்தில் உட்காரத் தெரியாத ஜென்மம், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வளர்ந்தவர் என்று சொல்லிச் சொல்லித்தான் இரண்டு வருடமாக மனதை ஆற்றி வைத்திருந்தேன். தெரியாதவரிடம் என்ன கோபப்படுவது என்று பாதி மன்னித்தும் விட்டேன். நேற்று அதுவும் போய்விட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாகவே தெரிந்திருக்கிறது. நாய்க்கு வந்தீர்கள். எனக்கு வரவில்லை.

தையலை நக்க விடாதீர்கள். கழுத்தில் மாட்டிவிட்ட புனல் மாதிரிப் பட்டையைக் கழற்றாதீர்கள்.

பொன்னுத்தங்கம்


அச்சங்குளம்
24.9.2025

தங்கத்துக்கு,

நீ நின்றதை நான் பார்க்கவில்லை. துண்டுக்குள் இருந்தேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. மாற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்றைக்கு அந்த லாரி நான் இல்லாவிட்டாலும் கிளம்பியிருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு வரத்தான் பயமாக இருந்தது. நீ பிள்ளை கேட்டபோதெல்லாம் நான் தள்ளிப் போட்டதை எல்லாம் அங்கே வெட்டி எடுக்கிறார்கள் என்று இருந்தது. பெட்டி ஏற்றினால் எதையும் நினைக்க வேண்டியதில்லை.

சக்கரம் நன்றாக இருக்கிறாள். பட்டையைக் கழற்றவில்லை, அதை வைத்து எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுகிறாள். தினமும் தையலைப் பார்க்கிறேன். சிவப்பு குறைந்து வருகிறது. பார்க்கும்போதெல்லாம் ஒன்று மனதை அறுக்கிறது. உன் தழும்பை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

தீபாவளியோடு இந்த ரூமையும் காலி பண்ண வேண்டும். எங்கே என்று இன்னும் தெரியவில்லை. உன்னிடம் இடம் கேட்பதாக நினைத்துவிடாதே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டு வருடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, தங்கம், உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

தையல் பிரிக்க 30ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தனுஷ்கோடி


விருதுநகர்
27.9.2025

யாரும் இல்லை.

அக்கா மருமகளைப் பார்க்கப் பழைய வார்டுக்குப் போயிருந்த நேரம். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்ப முடிந்ததும் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யார் உள்ளே நுழைந்தாலும் உங்கள் நடை மாதிரியே இருந்தது. உங்களைத் தவிர இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்களைப் பற்றி நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. சீக்கிரம் செய்வேன் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சக்கரம் அந்த ரோட்டோரத்தில் இருக்க வேண்டாம். நீங்களே போக்கிடம் இல்லாமல் நிற்கும்போது அவளை எங்கே கொண்டு அலைவீர்கள்? கைருன்னிசா அக்காவிடம் கேட்டேன். "வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம் தங்கம், தொழுகுற இடம். பின்னால கொட்டகை சும்மாதான கெடக்கு, அங்கன வச்சுக்க. யாரு வேண்டாங்கா?" என்றார். கொட்டகையைக் கழுவிவிட்டிருக்கிறேன்.

30ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இந்தத் தடவை உள்ளேயே வருகிறேன். தையல் பிரித்ததும் அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி கழியட்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

டார்ச்சை மறக்காமல் எடுத்து வாருங்கள். எவ்வளவு தூரத்தில் நின்று எப்படி அடித்தால் அவள் வருவாள் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.

தங்கம்